இருபது லட்சம் டாலர் மூட்டையில் கூடவே வந்த மருந்து: பார்மசைக்ளிக்ஸ் என்ற கம்பெனியின் கணக்கு

2006 ஏப்ரலில் கலிபோர்னியாவின் சன்னிவேலில் இருந்த பார்மசைக்ளிக்ஸ் என்ற சின்ன புற்றுநோய் மருந்து கம்பெனி, செலேரா ஜீனோமிக்ஸ் என்ற இன்னொரு கம்பெனியிடமிருந்து மூன்று ஆராய்ச்சித் திட்டங்களை ஒரே ஒப்பந்தத்தில் வாங்கியது. செலேரா என்றால், மனித மரபணுத் தொகுதியை முதலில் யார் படிப்பது என்று அரசுத் திட்டத்தோடு போட்டி போட்டார்களே, அவர்கள்தான். மாத்திரை மருந்து உருவாக்கும் வேலையே இனி வேண்டாம் என்று முடிவெடுத்து அந்தப் பிரிவை மூடிக்கொண்டிருந்தார்கள். கைமாறிய ரொக்கம் 20 லட்சம் டாலர். அதோடு கொஞ்சம் பங்குகள், மருந்து தேறினால் பின்னாளில் தர வேண்டிய தொகைகள், விற்பனையில் ராயல்டி. வாங்கியவர்களின் கண் முதலில் போனது ஹெச்டாக் என்ற நொதியைத் தடுக்கும் மருந்தின் மேல். பிடிகே என்ற நொதியைத் தடுக்கும் மூலக்கூறு ஒன்று அந்த மூட்டையில் கூடவே வந்தது.

ஒன்பது வருடம் கழித்து, அந்தக் கூடவே வந்த மூலக்கூறுக்காகத்தான் ஆப்வி என்ற பெரிய மருந்து நிறுவனம் பார்மசைக்ளிக்ஸை சுமார் 2,100 கோடி டாலருக்கு வாங்கியது.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு, ஒரு மனிதரின் துணிச்சல் கதையாகச் சொல்பவர்களும் உண்டு. நான் இதைக் கணக்குப் புத்தகம் வழியாகப் படிக்க விரும்புகிறேன். பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு புற்றுநோய் மருந்து கம்பெனியில் எந்த மருந்து நோயாளியிடம் போய்ச் சேரும், எது ஃப்ரீசரில் தூங்கும் என்பதை விஞ்ஞானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கையில் இருக்கும் பணம் இன்னும் எத்தனை மாதம் வரும் என்ற ஒற்றைக் கேள்விதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு கம்பெனியை நான் பார்த்ததில்லை.

விற்க எதுவும் இல்லாத கம்பெனி

பார்மசைக்ளிக்ஸ் 1991-ல் தொடங்கியது. தொடங்கிய இருவரின் அறிமுகமே ஒரு மருத்துவமனையில் நடந்தது. ஜொனாதன் செஸ்லர் ஸ்டான்ஃபோர்டில் வேதியியல் படித்த காலத்தில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். அவருக்குச் சிகிச்சை கொடுத்த டாக்டர்தான் ரிச்சர்ட் மில்லர். செஸ்லர் பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி ஒரு பெரிய வளைய மூலக்கூறை உருவாக்கினார், அதற்கு டெக்சாஃபைரின் என்று பெயர். அதில் கடோலினியம் உலோகத்தைப் பொருத்திய மருந்துதான் க்சைட்ரின். புற்றுநோய் மூளைக்குப் பரவியவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது இதையும் சேர்த்துக் கொடுத்தால் கதிர்வீச்சின் பலன் கூடும் என்பது எதிர்பார்ப்பு. 1995 அக்டோபரில் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாவு விற்கும் கம்பெனி பங்கு வெளியிட்டால், ஏற்கெனவே ஓடும் வியாபாரத்தைப் பெரிதாக்கப் பணம் கேட்கிறது என்று புரியும். இங்கே வியாபாரமே கிடையாது. வருமானம் என்று எழுத வேண்டிய வரியில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. செலவு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சரியாக வந்து நிற்கும்: நோயாளியைச் சேர்த்துக் கவனிக்கும் மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது, சோதனையை நடத்தித் தரவைச் சரிபார்க்கும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கொடுப்பது, மருந்தைத் தரக் கட்டுப்பாட்டோடு தயாரித்துத் தருபவர்களுக்குக் கொடுப்பது, சம்பளம், வாடகை, வக்கீல். வங்கிக் கடன் கிடைக்காது, ஏனென்றால் அடமானம் வைக்க எதுவும் இல்லை. ஆகவே அனுமதி கிடைக்கும் நாள் வரைக்கும் அந்தக் கம்பெனி உண்மையில் விற்பது தன் பங்குகளைத்தான். புதுப் பங்கை அச்சடித்து விற்று, வரும் பணத்தில் சோதனை நடத்தி, அந்தச் சோதனை நல்ல முடிவு தந்தால் அடுத்த பங்கை இன்னும் நல்ல விலைக்கு விற்பது.

அமெரிக்கக் கணக்கு விதி ஒன்று இதில் முக்கியம். ஆராய்ச்சிக்குச் செலவழித்த பணத்தை அந்த ஆண்டே செலவாக எழுதிவிட வேண்டும், சொத்து என்று காட்டக் கூடாது. ஒரு மூலக்கூறை மட்டும் வெளியிலிருந்து விலைக்கு வாங்கி, அதற்கு வேறு உபயோகம் எதுவும் இல்லை என்றால், அந்த விலையும் உடனே செலவுதான். அதாவது பின்னாளில் உயிர்களைக் காப்பாற்றி, பல நூறு கோடி டாலர் விற்பனையான அந்த பிடிகே மூலக்கூறுக்குப் பார்மசைக்ளிக்ஸ் சொத்துக் கணக்கில் இருந்த மதிப்பு பூஜ்யம். ஆண்டறிக்கையை வரி வரியாகப் படித்தாலும் அது ஒரு பத்தியாகத்தான் தெரிந்திருக்கும். இந்த மாதிரி கம்பெனிகளின் சொத்துப் பட்டியலைப் பார்த்து எதையும் மதிப்பிட முடியாது என்று சொல்வது இதனால்தான். பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: கையிருப்பு எவ்வளவு, காலாண்டுக்கு எவ்வளவு கரைகிறது.

அதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். கையில் 6 கோடி டாலர், காலாண்டுக்கு 1 கோடி போகிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு காலாண்டு வரும். ஆனால் ஆறாவது காலாண்டு வரை காத்திருக்க முடியாது, இந்தக் கம்பெனி இன்னும் ஒரு வருடம் இயங்குமா என்பதில் ஐயம் இருந்தால் தணிக்கை அறிக்கையிலேயே அது வந்துவிடும், அந்த வாக்கியம் வந்த பிறகு யாரிடம் போய்ப் பங்கு விற்பது? ஆகவே மூன்றாவது, நான்காவது காலாண்டுக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது ஒரு முடிவு கையில் இருக்க வேண்டும். நோயாளிகள் எவ்வளவு காலம் நோய் முற்றாமல் இருக்கிறார்கள் என்று பார்க்க மூன்று வருடம் வேண்டியிருக்கும். பணத்துக்கோ ஒரு வருடம்தான் பொறுமை. இந்த இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாததுதான் இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி, மற்ற எல்லாத் தவறான முடிவுகளும் அங்கேயிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு மருந்தின் மேல் கட்டிய வீடு

க்சைட்ரினுக்கு நடந்தது அதுதான். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவிய 554 பேரிடம் பெரிய சோதனை நடந்தது. மருந்து சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு நரம்பு சார்ந்த பாதிப்பு முற்றுவது தள்ளிப்போன மாதிரி தெரிந்தது, ஆனால் அது தற்செயலாக வந்த வித்தியாசம் இல்லை என்று சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் இல்லை. 2005 டிசம்பரில் இது வெளியே வந்தது. கம்பெனி அதோடு விடவில்லை. வட அமெரிக்காவில் சீக்கிரமே கதிர்வீச்சு தொடங்கிய நோயாளிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பலன் தெரிகிறது என்று வாதாடி, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏவிடம் விண்ணப்பித்தது. எஃப்டிஏ விண்ணப்பத்தை ஏற்கவே மறுத்தது. ஆட்சேபணை சொல்லி மறுபடி கொடுத்தார்கள். 2007 டிசம்பரில் இந்த மருந்தை அனுமதிக்க முடியாது என்று கடிதம் வந்தது.

சோதனை முடிந்த பிறகு, சாதகமாகத் தெரியும் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவதை மருத்துவப் புள்ளிவிவரம் தெரிந்த யாரும் ஏற்க மாட்டார்கள், மில்லருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. அவர் திறமையான புற்றுநோய் டாக்டர், ஏற்கெனவே இன்னொரு கம்பெனியைத் தொடங்கி வளர்த்தவர். ஆனால் பதினைந்து வருட உழைப்பு, பங்குதாரர்களுக்குச் சொன்ன வார்த்தை, கம்பெனியின் மொத்த மதிப்பு எல்லாம் ஒரே மருந்தின் மேல் இருக்கும்போது அதைக் கைவிடுவது சாதாரண விஷயம் இல்லை. அவரைக் குறை சொல்வதைவிட அந்த இடத்தில் யார் இருந்தாலும் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருப்பார்கள் என்று யோசிப்பதுதான் நமக்கு உதவும். அந்த இரண்டு வருடமும் பணத்தின் பெரும்பகுதி க்சைட்ரினுக்குப் போனது. பிடிகே மூலக்கூறு ஆய்வுக்கூட அளவிலேயே மெதுவாக நகர்ந்தது.

அந்த மூலக்கூறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பங்குச்சந்தைக்குச் சம்பந்தமே இல்லாத பணம் நிறைய இருக்கிறது. 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப நோய்த்தொற்று வந்துகொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதமே இல்லை என்று கண்டுபிடித்து எழுதினார். அதற்குக் காரணமான மரபணு 1993-ல் தெரியவந்தது, அவர் பெயரையே வைத்து புரூட்டன் டைரோசின் கைனேஸ் என்றார்கள், அதன் சுருக்கம்தான் பிடிகே. இந்த நொதி கெட்டுப்போனால், எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும் பி செல்கள் என்ற ரத்த வெள்ளையணுக்கள் முதிர்வதில்லை. அப்படியானால் பி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோயில் இதே நொதியை வேண்டுமென்றே முடக்கினால்? நாற்பது வருட அடிப்படை ஆராய்ச்சி அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. லாபம் எப்போது வரும் என்று யாரும் கேட்காத ஆராய்ச்சி அது.

செலேராவில் ஜெங்யிங் பான் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பிசிஐ-32765 என்ற அந்த மூலக்கூறு, இந்த நொதியில் 481-ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. அப்படி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் மருந்தைக் கண்டால் அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் ஒதுங்கிப் போகும், வேறு எதிலாவது தவறி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயம். செலேராவிலேயே அதை ஆராய்ச்சிக் கருவியாகத்தான் செய்தார்கள்.

பங்கு ஒரு டாலருக்குக் கீழே

ராபர்ட் டக்கன் விஞ்ஞானி இல்லை, டாக்டரும் இல்லை. பேக்கரி நடத்தியவர், அறுவை சிகிச்சை ரோபோ செய்யும் கம்பெனி ஒன்றை நடத்தியவர். அவருடைய மகன் மூளைப் புற்றுநோயில் இறந்தார். மூளைப் புற்றுநோய்க்கு மருந்து தேடும் கம்பெனி என்பதாலேயே பார்மசைக்ளிக்ஸ் பங்குகளை வாங்க ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய பங்குதாரர் ஆனார். க்சைட்ரின் விழுந்த பிறகும் விற்காமல் மேலும் வாங்கினார். 2008 செப்டம்பரில் மில்லர் வெளியேறினார், டக்கன் தலைவரானார்.

அவர் வந்த நேரம் மோசமான நேரம். உலக நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்தது, கம்பெனியின் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போய்விட்டது. புதுப் பங்கு விற்க வழியில்லை. டக்கன் தன் சொந்தப் பணத்திலிருந்து கம்பெனிக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் கடன் கொடுத்தார். ஹெச்டாக் மருந்தின் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உரிமையை 2009-ல் பிரான்சின் செர்வியே நிறுவனத்துக்குக் கொடுத்து 1.1 கோடி டாலர் முன்பணம் வாங்கினார்கள். அதே வருடம் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களிடமே உரிமைப் பங்கு வெளியிட்டார்கள், ஒரு பங்கு 1.28 டாலர், கிடைத்தது 3 கோடிக்குக் கொஞ்சம் குறைவு.

1.28 டாலருக்குப் பங்கு விற்பது என்றால் என்ன என்று பாருங்கள். 3 கோடி டாலர் திரட்ட வேண்டும். பங்கு விலை 30 டாலராக இருந்தால் 10 லட்சம் புதுப் பங்கு போதும். 1.28 டாலர் என்றால் 2 கோடியே 34 லட்சம் பங்கு விற்க வேண்டும். பழைய பங்குதாரரின் கையில் இருந்த துண்டு அந்த அளவுக்குச் சின்னதாகிவிடும். அதே ஆராய்ச்சிதான், அதே செலவுதான், ஆனால் பணம் எப்போது தேவைப்பட்டது என்பதைப் பொறுத்து விலை இருபது மடங்குக்கு மேல் மாறுகிறது. இதனால்தான் நல்ல செய்தி வந்த மறுநாளே சில கம்பெனிகள் பங்கு விற்கக் கிளம்பும். பேராசை என்று சிலர் திட்டுகிறார்கள், எனக்கு அது வீட்டில் மழைக்கு முன் விறகு சேர்ப்பது மாதிரிதான் தெரிகிறது.

இவ்வளவு இறுக்கத்திலும் பிடிகே மருந்து நகர்ந்ததற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் உண்டு, எனக்கு இந்த வழக்கில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மருந்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதால், ஒளிரும் ஒரு குறியீட்டு மூலக்கூறை வைத்து நோயாளியின் ரத்த அணுக்களில் உள்ள பிடிகேயில் எவ்வளவு மருந்தால் நிரம்பிவிட்டது, எவ்வளவு காலியாக இருக்கிறது என்று நேரடியாக அளக்க முடிந்தது. பஸ்ஸில் ஏறி எத்தனை சீட் காலி என்று எண்ணுகிற மாதிரி. நிரம்பிவிட்டது என்று தெரிந்தால் அதற்கு மேல் டோஸ் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. வழக்கமான புற்றுநோய் மருந்தில் நோயாளி தாங்க முடியாத எல்லை வரை டோஸை ஏற்றிப் பார்ப்பார்கள், அதற்குக் காலமும் பிடிக்கும், நோயாளிக்கும் துன்பம். இங்கே எந்த அளவு போதும் என்பது சீக்கிரமே தெரிந்தது. முதலில் இயற்கையாகவே லிம்போமா வந்த நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சிலவற்றுக்குக் கட்டி சுருங்கியது. 2009-ல் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனை ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு குழப்பம். நாள்பட்ட நிணநீர் ரத்தப் புற்றுநோய், அதாவது சிஎல்எல் வந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்ததும் கழுத்தில், அக்குளில் இருந்த கட்டிகள் கரைந்தன. ஆனால் ரத்தப் பரிசோதனையில் புற்றணுக்களின் எண்ணிக்கை ஏறியது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அப்போது இருந்த விதிப்படி எண்ணிக்கை பாதிக்கு மேல் கூடினால் நோய் முற்றுகிறது என்று எழுதி மருந்தை நிறுத்த வேண்டும். நோயாளியோ நன்றாக இருக்கிறேன் என்கிறார், கட்டியைத் தொட்டுப் பார்த்தால் காணோம். பிறகுதான் புரிந்தது, நிணநீர்க் கணுக்களில் பதுங்கி வளர்ந்துகொண்டிருந்த செல்களை மருந்து அங்கிருந்து பிடுங்கி ரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது, தங்க இடம் இல்லாமல் அவை நாளடைவில் அழிகின்றன. 2012-ல் நிபுணர்கள் பலன் அளக்கும் விதியையே இதற்கேற்பத் திருத்தினார்கள். ஓஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தின் ஜான் பைர்ட் போன்ற டாக்டர்கள் காகிதத்தை விட்டுவிட்டு நோயாளியைப் பார்த்திருக்காவிட்டால் இந்த மருந்து அந்த இடத்திலேயே தோற்ற மருந்து என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும். கையிருப்பு குறைவாக இருந்த ஒரு கம்பெனிக்கு அதைத் திருத்திச் சொல்ல இரண்டாவது வாய்ப்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பாதியை விற்றுப் பாதியை வைத்துக்கொண்டது

2011 டிசம்பரில் ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஜான்சென் பிரிவோடு ஒப்பந்தம் ஆனது. முன்பணம் 15 கோடி டாலர், ஒவ்வொரு இலக்கைத் தொடும்போதும் கிடைப்பதாக மேலும் 82.5 கோடி வரை, ஆக மொத்தம் 97.5 கோடி. மருந்தை வளர்க்கும் செலவில் ஜான்சென் 60 சதவீதம், பார்மசைக்ளிக்ஸ் 40. லாபத்தில் பாதிப் பாதி. அமெரிக்க விற்பனை பார்மசைக்ளிக்ஸ் கணக்கில், வெளிநாடு ஜான்சென் கணக்கில்.

செய்தித்தாள் தலைப்பில் 97.5 கோடி என்றுதான் வரும். அதில் உறுதியான பணம் 15 கோடி மட்டும்தான், மீதி எல்லாம் நடந்தால்தான் வரும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் பங்கு வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஒப்பந்தத்தின் உண்மையான பலம் தலைப்பில் இல்லை, அந்த 60-40-ல் இருக்கிறது. பெரிய மூன்றாம் கட்டச் சோதனைகளை ஒரே சமயத்தில் பல நாடுகளில் நடத்த வேண்டும். தனியாகச் செய்தால் ஒன்று முடிந்து அடுத்தது என்று பங்கு விற்று விற்று நடத்த வேண்டியிருக்கும், நோயாளிகள் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும். மொத்த உரிமையையும் விற்றுவிட்டுப் போகும் சபலம் இந்தக் கட்டத்தில்தான் எல்லாருக்கும் வரும். பாதியை வைத்துக்கொண்டது டக்கன் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு வேகம்தான். 2013 பிப்ரவரியில் எஃப்டிஏ, முந்தைய வருடம்தான் சட்டமான திருப்புமுனைச் சிகிச்சை என்ற தகுதியை முதன்முதலில் பெற்ற மருந்துகளில் ஒன்றாக இப்ருடினிபை (பிசிஐ-32765-க்கு வைத்த பெயர்) சேர்த்தது. 2013 நவம்பர் 13-ல், பி செல்களில் வரும் மேன்டில் செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு அனுமதி. ஆதாரம் 111 நோயாளிகள் கொண்ட ஒரே சோதனை, ஒப்பிட இன்னொரு குழு கிடையாது. சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கட்டி சுருங்கியது. 2014 பிப்ரவரியில் சிஎல்எல்லுக்கும் அனுமதி. 391 பேரிடம் இன்னொரு மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனையில் நோய் முற்றும் அல்லது இறக்கும் அபாயம் 78 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று.

கீமோவைத் தாங்க முடியாத வயதானவர்கள் வீட்டில் இருந்தபடி தினம் ஒரு வேளை விழுங்கும் மருந்து. அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இதயத் துடிப்பு தாறுமாறாவது, ரத்தக் கசிவு ஆகிய பக்கவிளைவுகள் உண்டு, பலருக்கு இதனால் நிறுத்த வேண்டியும் வருகிறது, அதையும் மறைக்கக் கூடாது.

யாருக்கு எவ்வளவு

விற்பனைக்கு வந்தபோது மேன்டில் செல் லிம்போமாவுக்குத் தினம் நான்கு கேப்ஸ்யூல், மாதத்துக்கு சுமார் 10,900 டாலர், வருடத்துக்கு 1,30,000-க்கும் மேல். ஒரு கேப்ஸ்யூல் 90 டாலருக்கு மேல்.

2015 மார்ச்சில் ஆப்வி ஒரு பங்குக்கு 261.25 டாலர் தருவதாக அறிவித்தது. 1.28 டாலருக்கு விற்ற அதே பங்கு. டக்கனின் பங்கு மட்டும் 350 கோடி டாலர் அளவில் வந்தது, அவர் போட்டது சுமார் 5 கோடி. செலேராவின் ராயல்டி உரிமையும் ஒரு பயணம் போனது. செலேராவை 2011-ல் க்வெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் வாங்கியிருந்தது. அந்த க்வெஸ்ட், இப்ருடினிப் ராயல்டியை மட்டும் தனியாக 2013 ஜூலையில், அதாவது மருந்துக்கு அனுமதி வருவதற்கு முன்பே, ராயல்டி பார்மா என்ற நிறுவனத்துக்கு 48.5 கோடி டாலருக்கு விற்றது. எதிர்காலத்தில் வரப்போகும் விற்பனையின் ஒரு சின்னத் துண்டை இன்றைக்கே ரொக்கமாக்கும் இந்த வியாபாரம் இப்போது புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் வரும் பெரிய வழிகளில் ஒன்று. பங்கு விலை சரிந்து கிடக்கும் காலத்தில் பல கம்பெனிகள் இதைத்தான் நாடுகின்றன.

மருந்தைச் சோதனைக்குக் கொண்டுவந்து வளர்த்தவர்களில் சிலர் இந்தப் பட்டியலில் இல்லை. தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த அஹமத் ஹம்டி 2011-ல் வெளியேறினார். அவரும் பார்மசைக்ளிக்ஸில் வேலை பார்த்த ரகேல் இஸூமியும் சேர்ந்து அசெர்ட்டா என்ற கம்பெனியைத் தொடங்கி, இதே நொதியைத் தடுக்கும், ஆனால் குறி தவறாமல் தாக்கும் இன்னொரு மருந்தை வளர்த்தார்கள். 2015 டிசம்பரில் ஆஸ்ட்ராஜெனிகா அதில் 55 சதவீதத்துக்கு 400 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. அந்த அகலாப்ருடினிபும், பிறகு வந்த ஜனுப்ருடினிபும் இன்று இப்ருடினிபின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன, இதயத்துக்குத் தொந்தரவு குறைவு என்பதால். நோயாளிக்கு இது நல்லதே.

விலை விஷயத்தில் எனக்கு உறுத்துவது 2018-ல் நடந்தது. கொஞ்ச நாள் முழு டோஸ் எடுத்த பிறகு சிஎல்எல் நோயாளிகளுக்கு டோஸைக் குறைத்தாலும் பிடிகே நிரம்பியே இருக்கிறது என்று எம்டி ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 11 பேரிடம் செய்த சிறு ஆய்வு காட்டியது. சீட் எண்ணும் அதே முறைதான். மூன்று கேப்ஸ்யூலை ஒன்றாகக் குறைத்தால் செலவு மூன்றில் ஒன்றாகும் அல்லவா? அந்தச் சமயத்தில்தான் கேப்ஸ்யூலுக்குப் பதில் மாத்திரை வந்தது, 140 மில்லிகிராம் ஆனாலும் 560 ஆனாலும் மாத்திரைக்கு ஒரே விலை என்று வைத்தார்கள். குறைந்த டோஸ் எடுப்பவருக்கு மிச்சம் எதுவும் கிடையாது. புற்றுநோய் டாக்டர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள், பழைய கேப்ஸ்யூலும் சந்தையில் தொடரும் என்று கம்பெனிகள் இறங்கி வந்தன. முதல் கட்டச் சோதனையில் நோயாளியின் துன்பத்தைக் குறைத்த அதே அளவீடு விலையைக் குறைக்க உதவும் என்று வந்தபோது அதற்குக் கதவு அடைக்கப் பார்த்தது நியாயமே இல்லை.

வேகமான அனுமதிக்கும் ஒரு பாக்கி இருந்தது. கட்டி சுருங்கியதை மட்டும் வைத்துக் கொடுத்த அனுமதி, பெரிய சோதனையில் உறுதிப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. 523 வயதான மேன்டில் செல் நோயாளிகளிடம் கீமோவோடு சேர்த்து நடத்திய சோதனையில் நோய் முற்றாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 52.9 மாதத்திலிருந்து 80.6 மாதமாக நீண்டது, ஆனால் மொத்த ஆயுள் கூடவில்லை. 2023 ஏப்ரலில் ஆப்வி அமெரிக்காவில் அந்த நோய்க்கான அனுமதியைத் தானாகவே விட்டுக்கொடுத்தது. 2013-ல் பங்குச்சந்தை கொண்டாடிய முதல் அனுமதி அதுதான்.

அதே வருடம் ஆகஸ்டில், அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு விலை பேசத் தேர்ந்தெடுத்த முதல் பத்து மருந்துகளில் இப்ருடினிபும் வந்தது. 30 நாள் மருந்துக்குப் பட்டியல் விலை 14,934 டாலர் என்று இருந்ததை, 2026 ஜனவரி முதல் 9,319 என்று முடிவு செய்தார்கள். இந்தச் சட்டத்தில் மாத்திரை மருந்துகளை அனுமதி கிடைத்த ஏழாவது வருடத்திலிருந்தே தேர்ந்தெடுத்து ஒன்பதாவது வருடத்தில் விலை குறைக்கலாம், ஊசி வழி கொடுக்கும் உயிரி மருந்துகளுக்குப் பதின்மூன்றாவது வருடம். அதனால் முதலீட்டாளர்கள் மாத்திரைகளை விட்டு ஊசி மருந்துகள் பக்கம் போவார்கள் என்று கம்பெனிகள் சொல்கின்றன. விலை பேசுவது சரி என்றே நினைக்கிறேன், ஆனால் இந்த நான்கு வருட வித்தியாசத்துக்கு ஒரு நல்ல காரணமும் எனக்குத் தெரியவில்லை. வீட்டிலேயே விழுங்கக் கூடிய மருந்தைக் கண்டுபிடிப்பவருக்கு ஏன் குறைவான காலம்?

2023-ன் மூன்றாவது காலாண்டில் ஆப்வி தன் கணக்கில் இப்ருடினிபின் மதிப்பை 210 கோடி டாலர் குறைத்து எழுதியது. பார்மசைக்ளிக்ஸ் புத்தகத்தில் பூஜ்யமாக இருந்த மூலக்கூறு, ஆப்வி விலை கொடுத்து வாங்கியதால் பெரிய சொத்தாகி, இப்போது திரும்ப இறங்கிக்கொண்டிருக்கிறது. மருந்து அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

2010 வாக்கில் பார்மசைக்ளிக்ஸ் நடத்திய ஆரம்பச் சோதனைகளில் இதை எடுத்துக்கொண்ட சிஎல்எல் நோயாளிகள் 132 பேரை நெடுங்காலம் கவனித்துவந்தார்கள். அதில் 31 பேர் அதற்கு முன் வேறு எந்தச் சிகிச்சையும் எடுக்காதவர்கள், இந்த 31 பேரும் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். ஏழு வருடம் கழித்தும் இந்த 31 பேரில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 83 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் முதல் கேப்ஸ்யூலை விழுங்கிய சமயத்தில், உரிமைப் பங்கு விற்ற அந்த 1.28 டாலர் காலத்தைக் கம்பெனி அப்போதுதான் தாண்டி வந்திருந்தது.